கையெழுத்துப் போட்டவர்கள்

மார்ச் 6
ஸ்டான்லி கிராமரின் 'ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பர்க்' (1961) மறுபடி பார்த்தேன். மூன்று மணி நேரம். போருக்குப் பின் ஜெர்மனியில் அமெரிக்கர்கள் நடத்தும் விசாரணை. கூண்டில் நாஜி கால நீதித்துறைக்காரர்கள் நான்கு பேர். அதில் ஹான் வெறியன். அவனைப் புரிந்துகொள்வது சுலபம். படம் குறிவைப்பது யானிங்கை. படித்தவர், பண்பானவர், உலகம் மதித்த சட்ட அறிஞர். பர்ட் லங்காஸ்டர் பாதிப் படத்துக்கும் மேல் வாயே திறப்பதில்லை. கடைசியில் எழுந்து, வழக்கைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்பை முடிவு செய்துவிட்டேன் என்கிறார்.

மார்ச் 7
மான்ட்கோமரி கிளிஃப்ட் வரும் இடத்தை மட்டும் திரும்ப ஓட்டினேன். கட்டாயக் கருத்தடைக்கு ஆளானவராக வருகிறார். முயல், வேட்டைக்காரர், வயல், மூன்றையும் வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்கிறார் பிரதிவாதி வக்கீல். மனிதரால் முடியவில்லை. அம்மாவின் படத்தை எடுத்துக் காட்டுகிறார். பார்க்கச் சகிக்காது.

அந்த வக்கீல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1927 தீர்ப்பையும் வாசிக்கிறார்: மூன்று தலைமுறை மூடர்கள் போதும் என்று கட்டாயக் கருத்தடைக்குப் பச்சைக்கொடி காட்டிய 'பக் எதிர் பெல்'. அது இன்றுவரை வெளிப்படையாக ரத்து செய்யப்படவில்லை. வக்கீலாக நடித்த மாக்ஸிமிலியன் ஷெல்லுக்கு ஆஸ்கர் கிடைத்தது நியாயம்தான்; வாதம் நம்மையும் ஆட்டிவிடுகிறது.

மார்ச் 9
படத்துக்கு மூலம் 1947-இல் நடந்த நீதிபதிகள் வழக்கு. பத்துப் பேருக்குத் தண்டனை, நான்கு பேர் விடுதலை. படத்தில் வரும் ஃபெல்டன்ஸ்டைன் வழக்கு, நிஜத்தில் நியூரம்பர்க் யூத வணிகர் லியோ காட்சன்பெர்கருடையது. ஜெர்மன் பெண்ணோடு உறவு என்று குற்றச்சாட்டு. அந்த உறவைத் தடை செய்த நாஜி இனச் சட்டத்தில் அதற்கு மரண தண்டனை கிடையாது. நீதிபதி ரோட்ஹவுக் என்ன செய்தார்? போர்க்கால இருட்டடிப்பைப் பயன்படுத்திக் குற்றம் செய்தார் என்று வேறொரு ஆணையை அதோடு ஒட்டவைத்தார். 1942-இல் காட்சன்பெர்கரின் தலை போனது. எல்லாம் சட்டப்படி, பிரிவு எண்ணோடு! ரோட்ஹவுக்குக்கு ஆயுள் தண்டனை. 1956-இல் வெளியே வந்துவிட்டார்.

இன்றைக்கும் ஒரு தீர்ப்பு உறுத்தினால் நான் முதலில் பார்ப்பது இந்த ஒட்டுவேலையைத்தான்.

மார்ச் 12
'வேறு வழியில்லை' என்ற வாதத்துக்குப் படத்தில் பதில், பதவி விலகிய வீக் என்ற பாத்திரம். அவரையும் ஹிட்லருக்கு எடுத்த 1934 விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி மடக்கிவிடுகிறார் வக்கீல். எனக்கு அதைவிட நல்ல பதில் லோதர் க்ரைசிக். பிராண்டன்பர்க்கில் காப்பாளர் வழக்குகளைப் பார்த்த நீதிபதி. தன் பொறுப்பில் இருந்த மனநோயாளிகள் கொல்லப்படுவதை அறிந்து 1940-இல் அமைச்சருக்கே எழுதினார், கொலை என்று புகாரும் கொடுத்தார். ஃபியூரரின், அதாவது ஹிட்லரின், விருப்பத்தைச் சட்டமாக ஏற்காவிட்டால் நீதிபதியாக இருக்க முடியாது என்றார் அமைச்சர். சரி, இருக்கவில்லை. கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள், அவ்வளவுதான். சிறைகூட இல்லை. 1986 வரை வாழ்ந்தார்.