எட்டும் நாலும் பன்னிரண்டு

எங்கள் மெல்லிசைக் குழுவில் நான்தான் பேஸ் கிட்டார். கல்யாண வீடியோவில் பாடகரின் தோளுக்குப் பின்னால் அரை முகம் தெரியுமே, அந்த ஆள். பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறவர் நிலைமைதான் எனக்கும். வந்தால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, வராவிட்டால் மண்டபமே கத்தும்.

பல வருஷமாகக் கீபோர்டு அண்ணனின் ஆம்பிலேயே (ஆம்ப்ளிஃபயர்) ஓரமாக ஒரு வயரைச் சொருகிக் காலத்தை ஓட்டினேன். அவருக்கு நல்ல பிட் வரும்போதெல்லாம் என் வால்யூம் தானாகக் குறையும். எப்படிக் குறைகிறது என்று ஒருநாள் அவர் விரலைப் பார்த்துவிட்டேன். அன்றைக்கே முடிவு செய்தேன், நமக்கென்று ஒரு செட் வேண்டும்.

1969-ல் ஆம்பெக் கம்பெனி எஸ்.வி.டி என்று ஒரு பேஸ் ஆம்ப் கொண்டுவந்தது. 300 வாட்ஸ். அதனுடன் வரும் பெட்டியில் 10 இஞ்ச் ஸ்பீக்கர் எட்டு. பேஸ் வாசிக்கிறவர்கள் அந்தப் பெட்டிக்கு வைத்த பெயர் ஃபிரிட்ஜ். உயரமும் அப்படி, கனமும் அப்படி. அதை வாங்க வக்கில்லை என்பதால் அதில் பாதியை, நாலு ஸ்பீக்கர் உள்ள பெட்டியை, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 40 கிலோ. அதை ஓட்டும் ஹெட்டோ, அதாவது ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப், எடை குறைந்த கிளாஸ் டி வகை, 3 கிலோகூட இல்லை. டிபன் கேரியர் மாதிரி கையில் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஹெட்டின் முன்னால் 500 வாட்ஸ் என்று பெரிதாக எழுதியிருந்தது. பின்னால் எறும்பு சைஸ் எழுத்தில் '4 ஓம்ஸில்' என்று இருந்தது. ஓம்ஸ் என்பது கரண்டுக்குப் பெட்டி காட்டும் எதிர்ப்பு. என் பெட்டி 8 ஓம்ஸ். அதில் கிட்டத்தட்டப் பாதி பவர்தான் வரும் என்பது காசு கொடுத்து வீட்டுக்கு வந்தபிறகு தெரிந்தது. சரி, இன்னொரு பெட்டி சேர்த்தால் மீதியும் வந்துவிடும் என்று திருப்பாதிரிப்புலியூர் நண்பனிடம் இரவல் வாங்கினேன். அது 4 ஓம்ஸ். ஹெட்டுக்குக் குறைந்தது 4 வேண்டுமாம். எட்டும் நாலும் பன்னிரண்டு. தாராளம்!

முதல் கச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு ரிசப்ஷன். மஞ்சக்குப்பத்தில் குட்டி யானையில் ஏற்றி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு வேகத்தடைக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். மண்டபம் முதல் மாடியில். லிஃப்ட் பெரியவர்களுக்கு மட்டும். நானும் டிரம்ஸ் தம்பியும் படியேறி, மூச்சு வாங்க ரெண்டு பெட்டியையும் வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம். தூசி படாமல் பெட்ஷீட் போட்டு மூடியிருந்தேன்.

சந்தனத் தட்டோடு நின்ற மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருவர் அருகில் வந்தார்.

"ஃபிரிட்ஜு வருதுன்னு சம்பந்தி சொல்லவே இல்லியே! டபுள் டோரா?"

டிரம்ஸ் தம்பிக்குப் பேச மூச்சில்லை. ரெண்டு பெட்டி இருக்கிறதே என்று தலையாட்டிவிட்டான். அத்தை பெட்ஷீட்டை லேசாக விலக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"நல்ல காரியத்துக்குப் போயி கருப்பா?"

தோஷம் போக மூலையில் மூன்று இடத்தில் சந்தனம் தடவி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

மேடையில் எல்லாம் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். விளக்கு பச்சையாக வந்து, முதல் நோட்டு அடித்ததும் சிவப்பாகி, சத்தம் நின்றுவிட்டது. மைக்செட் அண்ணன் வந்து பெட்டிகளின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் படித்தார்.

"எட்டும் நாலும் எவ்ளோ?"

"பன்னிரண்டுண்ணே."

"2.67. பந்திக்கு ஒரு வாசலுக்கு ரெண்டு வாசல் தொறந்தா தள்ளுமுள்ளு கூடுமா கொறையுமா? கரண்டும் அப்டித்தான், ரெண்டு வழி கெடச்சா தடை கொறஞ்சு அதிகமாப் பாயும். சாம்பார் ஊத்துறவன் தாங்கணுமில்ல? அதான் உன் ஹெட்டு கரண்டியக் கீழ வச்சிருச்சு."

இரவல் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். சிவப்பு அணைந்தது. பிறகு தன் டிரங்குப் பெட்டியிலிருந்து சோப்பு டப்பா சைஸில் ஒன்றை எடுத்தார். டிஐ பாக்ஸ், கிட்டார் சத்தத்தை நேராக மிக்சருக்கு அனுப்பும் டப்பா. என் கிட்டார் வயர் அதற்குள் போனது. அங்கிருந்து ஒரு வயர் அவர் மிக்சருக்கு, ஒன்று என் ஹெட்டுக்கு. "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் வந்தது. டப்பாவின் பக்கவாட்டில் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை நகத்தால் தள்ளினார், நின்றது.

"ஜனங்களுக்குக் கேக்கறது என் 18 இஞ்ச் சப்வூஃபரு. உன் பெட்டி உன் காதுக்கு மட்டும்."

என் ஒற்றைக் காதுக்கு 40 கிலோவா!

அந்தக் காதுக்கும் கேட்கவில்லை என்பதுதான் கொடுமை. முதல் பாட்டில் கூட்டினேன், ரெண்டாவதில் இன்னும் கூட்டினேன். மூன்றாவது பாட்டின் நடுவில் பந்தி பரிமாறுகிறவர் கையில் கரண்டியோடு மேடைக்கு ஓடி வந்தார். "யோவ், பாயச டம்ளரெல்லாம் நடக்குதுய்யா!" எனக்குப் பின்னால் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் டைனிங் ஹால். பேஸின் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், அதன் ஒரு அலையே 8 மீட்டருக்கு மேல் நீளம். சுவரெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை. நானோ பெட்டியை மூலையில் வேறு வைத்து அதன் கொட்டத்தைக் கூட்டியிருந்தேன்.

"உன் ஸ்பீக்கரு உன் கணுக்காலுக்குப் பாடிட்டிருக்கு" என்றபடி மைக்செட் அண்ணன் அதை மூலையிலிருந்து இழுத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய நாலு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏற்றினார். வால்யூமைப் பாதியாகக் குறைத்தார். அப்புறம்தான் நான் வாசிப்பது எனக்கே கேட்டது. சில இடங்களில் கேட்காமலே இருந்திருக்கலாம்.

இப்போது அதே ஹெட், 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று போட்ட 14 கிலோ பெட்டி, சொந்தமாக ஒரு டிஐ பாக்ஸ். ஸ்கூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு நானே போய்விடுகிறேன். பழைய பெட்டிமேல் வீட்டம்மா இஸ்திரி போடுகிறார்.

அன்றைக்கு ராத்திரி திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். பாண்டியிலிருந்து வரும் குட்டி யானை, பெட்ஷீட் போட்டு மூடிய ரெண்டு பெட்டி. நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். காவலர் வண்டிமேல் ஏறி, பெட்டியின் முன்பக்கக் காற்று ஓட்டைக்குள் டார்ச் அடித்தார்.

"உள்ள எத்தினி இருக்கு?"

"நாலு நாலு எட்டு சார். ஸ்பீக்கரு." இந்தக் கூட்டலாவது சரியாக வந்தது.

டார்ச் வெளிச்சம் மூலைக்கு நகர்ந்து, காய்ந்த சந்தனப் பொட்டில் நின்றது.

"சாமி பெட்டியா?"

நான் வாய் திறப்பதற்குள் டிரம்ஸ் தம்பி முந்திக்கொண்டான். "ஆமா சார்."

அவர் பூட்ஸ் காலைப் பார்த்துக்கொண்டார். பெட்ஷீட்டைப் பழையபடி இழுத்து மூடிவிட்டு, மெதுவாக இறங்கினார்.