எண்ணெய் உருவாகும் பாடம்: ஹைட்ரஜன் போகும் வழியே படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து கேட் தேர்வில் புவியியல் எழுதப்போகும் தம்பி தங்கைகள் பலரும் பெட்ரோலியப் பகுதியில் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். புதைந்த உயிர்ப்பொருள் ஆழமும் வெப்பமும் கூடக்கூட மாறும் கட்டங்களை டயாஜெனிசிஸ், கேட்டஜெனிசிஸ், மெட்டாஜெனிசிஸ் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் அந்த அட்டவணை கைகொடுக்காது. ஒவ்வொரு கட்டத்திலும் "ஹைட்ரஜன் எங்கே போகிறது?" என்று கேட்டுப் படித்தபோதுதான் எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது.

முதலில் மூலப்பொருள். டைனோசர் கதையை மறந்துவிடுங்கள். எண்ணெயின் பெரும்பங்கு கடலிலும் ஏரியிலும் வாழ்ந்த பாசிகளும் மிதவை உயிரிகளும் தந்தது. அவை செத்தபின் பெரும்பகுதி சிதைந்தோ மற்ற உயிர்களுக்கு உணவாகியோ போய்விடும். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் சேற்றில் தங்கும். அதற்கும் அடிநீரில் ஆக்சிஜன் இல்லாமல் இருக்க வேண்டும். நம்மூர்க் கண்மாய்ச் சேற்றைக் கிளறினால் கறுப்பாக இருக்கும், குமிழி வரும். அந்தக் குமிழியில் மீத்தேன் உண்டு. ஆனால் அது நுண்ணுயிர்கள் உண்டாக்கியது. ஆழத்து வெப்பத்தில் பிறந்ததல்ல. இந்த இரண்டையும் பிரித்துக் கேட்பார்கள். நுண்ணுயிர் மீத்தேனில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் வகை மிகவும் குறைவு, அதுதான் அடையாளம்.

சேறு மேலும் புதையும்போது முதலில் வெளியேறுவது பெரும்பாலும் ஆக்சிஜன்தான், நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும். எஞ்சுவது கரைப்பான்களில் கரையாத கரிமப்பொருள், அதுதான் கெரோஜன். சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அதன் பிணைப்புகள் உடையத் தொடங்குகின்றன. ஹைட்ரஜன் நிறைந்த சங்கிலிகள் எண்ணெயாகப் பிரிகின்றன. சுமார் 120 டிகிரிக்கு மேல் எண்ணெயும் உடைந்து வாயுவாகும். எல்லை எண்கள் நூலுக்கு நூல் சற்று மாறும், கலங்க வேண்டாம், வரிசை மாறாது. மீத்தேனில் ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன். வாயு வெளியேற வெளியேற மிச்சமிருக்கும் கெரோஜன் ஹைட்ரஜனை இழந்துகொண்டே போகும். பாறையே உருமாறும் வெப்பம் வரை போனால் கிராஃபைட்தான் மிஞ்சும். சிவகங்கையில் வெட்டியெடுக்கும் கிராஃபைட்டை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். ஹைட்ரஜன் அற்ற கார்பன் என்றால் என்னவென்று விரலில் ஒட்டும் கறுப்பே சொல்லிவிடும்.

இது விளங்கிவிட்டால் வான் கிரெவெலன் வரைபடத்தை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. அதில் கிடை அச்சு ஆக்சிஜன்-கார்பன் விகிதம், செங்குத்து அச்சு ஹைட்ரஜன்-கார்பன் விகிதம். ஆக்சிஜன் போனால் கோடு இடப்பக்கம் நகரும், ஹைட்ரஜன் போனால் கீழே இறங்கும். முதல் வகைக் கெரோஜன் பெரும்பாலும் ஏரிப் பாசி, இரண்டாவது கடல் மிதவை உயிரி, மூன்றாவது நிலத் தாவரம். மூன்றாம் வகையில் தொடக்கத்திலேயே ஹைட்ரஜன் குறைவு என்பதால் அது பெரும்பாலும் வாயுவையே தரும்.

தெரிவுகள் தரும் கேள்விக்கு ஒரு கணக்கு. தரைமட்ட வெப்பம் 30 டிகிரி, கிலோமீட்டருக்கு 25 டிகிரி ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். 60 டிகிரி 1.2 கிலோமீட்டரில் வரும், 120 டிகிரி 3.6 கிலோமீட்டரில். தரைமட்ட வெப்பத்தைக் கழிக்காமல் வகுத்தால் 2.4, 4.8 என்று வரும். அந்தத் தவறான விடைகள் தெரிவுகளில் தயாராகக் காத்திருக்கும்.

இதே கணக்கை நம் நிலத்துக்கும் போட்டுப் பாருங்கள், நன்றாகப் பதியும். செட்டிநாடு காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பில் இருக்கிறது. விளிம்பில் படிவு மெலிந்திருக்கும்; எண்ணெய் வேகும் அளவுக்கு ஆழம் கிடைக்காது. கடல் பக்கம் போகப் போகப் படிவு தடிக்கும். நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் எண்ணெயும் இராமநாதபுரம் பக்கம் எரிவாயுவும் எடுக்கிறார்கள். வழுதூர் மின்நிலையம் ஓடுவது அந்த வாயுவில்தான்.

எண்ணெயைத் தேக்கும் தேக்கப்பாறை, மேலே கசியவிடாத மூடுபாறை, அது சிக்கி நிற்கும் அமைப்பான பொறி ஆகியவற்றைப் படம் போட்டுப் படித்தால் ஒரு மாலை போதும். மனப்பாடம் செய்தே ஆக வேண்டியது விட்ரினைட் எதிரொளிப்பு, அதாவது பாறையிலுள்ள தாவரத் துகள் எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்பதைக் கொண்டு அது எவ்வளவு வெப்பம் கண்டது என்று காட்டும் அளவு: எண்ணெய்க்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.3 விழுக்காடு, அதற்கு மேல் வாயு.