கண்ணாடியில் தண்ணீர் தெரியலை, என்ன செய்வே?

சேலத்துச் சாயப்பட்டறைகளுக்கு பாய்லர் ஆட்களைப் பழக்கிவிடுவது என் பிழைப்பு. வால்வு எது, பம்ப் எது என்று கேட்டால் எல்லாரும் ஒப்பித்துவிடுவார்கள். அதனால் இப்போதெல்லாம் ஒரு சீட்டை நீட்டுகிறேன்.

“ராத்திரி 2 மணி. விறகு நன்றாக எரிகிறது. பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கேஜ் கண்ணாடியில் தண்ணீர் மட்டம் தெரியவில்லை. பம்ப் ஓடுகிறது. ஸ்டீம் கேட்டு சாய மிஷின்காரர் போன் அடிக்கிறார். முதலில் எதைச் செய்வாய்?”

ஓமலூர்ப் பையன் ஒருவன் சட்டென்று, “தண்ணி ஏத்திருவேன்ண்ணா” என்றான். பெரும்பாலோர் சொல்வது இதைத்தான். வற்றிப்போய்ப் பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் பாய்லரே வெடிக்கலாம். விறகு போடுவதையும் காற்று ஃபேனையும் நிறுத்துவதுதான் முதல் வேலை. அப்படியும் விறகுத் தீ உடனே அடங்காது, அது வேறு தலைவலி.

இன்னொருத்தன் பதிலே சொல்லவில்லை. “கண்ணாடி காலியா, முழுக்க நிரம்பியிருக்காண்ணா?” என்று கேட்டான். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்! அந்தக் கேள்விக்கே பாதி மார்க் போட்டேன்.

அமெரிக்க உளவியலாளர் கேரி க்ளைன் 1980களில் தீயணைப்பு அதிகாரிகளை ஆராய்ந்தார். அவர்கள் பல வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, பழகிய அறிகுறியை வைத்தே முடிவெடுக்கிறார்கள் என்றார். பாய்லருக்குத் தீ மூட்டிப் பார்த்துக்கொள்ளும் எங்கள் மூத்த ஃபயர்மேன்களும் அப்படித்தான். அதனால் சீட்டின் பின்பக்கம் அவர்கள் சொன்ன காரணத்தையும் எழுதி வைக்கிறேன்.

அடுத்த சீட்டில் கரண்டும் போகும்.