‘ஹவானா’ வாசிக்க மூன்று கார்டு போதும், ஆனால்…

பாடகி கமிலா கபேயோவின் ‘ஹவானா’ பாட்டைப் பியானோவிலோ கீபோர்டிலோ வாசித்தால், முழுக்க மூன்றே கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) சுற்றி வரும்: ஜி மைனர், ஈ ஃப்ளாட், டி செவன்த். கைக்கு வேலை குறைவு என்று நினைத்துப் பலர் இடைவெளிகளை ஆர்பெஜியோவால், அதாவது கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்து, நிரப்பிவிடுகிறார்கள். பாட்டு அங்கேயே செத்துவிடும். அதன் கவர்ச்சியே அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது.

முதலில் வலது கையைப் பாருங்கள். ஜி மைனரை டி–ஜி–பி ஃப்ளாட் என்று பிடியுங்கள். டி-யை மட்டும் அரைச்சுரம் (அடுத்த கட்டைக்கு) ஏற்றினால் ஈ ஃப்ளாட் வந்துவிடும், மற்ற இரு விரல்களும் அசைய வேண்டாம். அடுத்து ஈ ஃப்ளாட் டி-க்கும், ஜி எஃப் ஷார்ப்புக்கும் இறங்கட்டும், பி ஃப்ளாட் சி-க்கு ஏறட்டும். டி செவன்த் கிடைத்துவிட்டது. ஏ இல்லாதது குறையாகத் தெரியாது. இடது கைக்கு ஜி, ஈ ஃப்ளாட், டி என்ற அடிச்சுரங்கள் மட்டும். முதல் இரண்டும் வேகமாகக் கடந்துபோகும், டி செவன்த்தான் அதிக நேரம் நிற்கும்.

அதிகம் பிழை வருவது எஃப் ஷார்ப்பில். ஜி மைனரின் கீ சிக்னேச்சரில் (இசைக்குறிப்பின் தொடக்கத்தில் வரும் ஃப்ளாட், ஷார்ப் குறிகள்) இரண்டு ஃப்ளாட் மட்டுமே இருப்பதால் வெறும் எஃப் வாசித்து டி மைனர் ஆக்கிவிடுகிறார்கள். ஜி-யை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் இது கீரவாணி ராகம், எஃப் ஷார்ப் அதன் காகலி நிஷாதம். அது இல்லையென்றால் மறுபடி ஸட்ஜத்துக்குத் திரும்பும் தவிப்பே இருக்காது.

தாளம் நிமிடத்துக்கு 105 அடி. மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) 70-இல் வைத்துத் தொடங்குங்கள். கியூப இசையின் அடித்தளமான 3+3+2 தாளக்கட்டு நமக்குப் புதிதல்ல. ‘தகிட தகிட தக’ என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் தட்டுங்கள். அது உடம்பில் ஊறிய பிறகு பதிவைக் கேட்டு கார்டு மாறும் இடங்களைப் பிடியுங்கள். ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலைத் தொடவே வேண்டாம். கார்டுகள் ஒன்றோடொன்று குழம்பி, வெட்டி வாசிக்கும் தன்மை போய்விடும்.

கிதாரில் மூன்றாம் பிரெட்டில் (கழுத்திலுள்ள கட்டம்) எல்லாத் தந்திகளையும் அழுத்தும் கவ்வியான கேப்போ போட்டு ஈ மைனர், சி, பி செவன்த். கேப்போ இல்லையென்றால் ஜி மைனர் மூன்றாம் பிரெட் பார் (ஒரே விரலால் தந்திகளைக் குறுக்காக அழுத்தும் பிடி), ஈ ஃப்ளாட் ஆறாம் பிரெட், டி செவன்த் ஐந்தாம் பிரெட். அடித்ததும் இடது கை அழுத்தத்தைத் தளர்த்தி ஒலியை நிறுத்துங்கள்.

வரிகள் ஆங்கிலம். லத்தீன் மணம் இந்தப் பியானோவிலிருந்தும் ட்ரம்பெட்டிலிருந்தும் வருகிறது. கபேயோ ஹவானாவில் பிறந்தவர். தயாரிப்பாளர் ஃப்ராங்க் டியூக்ஸ், ராப் பாடியவர் யங் தக். 2017 ஆகஸ்ட் 3 அன்று அவரது ‘ஓஎம்ஜி’ பாடலுடன் சேர்த்து, ஆல்பத்துக்கு முன்னோட்டமாகத்தான் இது வெளியானது. முன்னதாக வந்த அவரது ‘க்ரையிங் இன் த க்ளப்’ பாடல் அந்த ஆல்பத்தில் இடம்பெறவே இல்லை. ‘ஹவானா’வோ 2018 ஜனவரி 12-இல் வந்த முதல் தனி ஆல்பமான ‘கமிலா’வின் முகமாகி, அதே மாதம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

ட்ரம்பெட் பகுதியைக் கீபோர்டில் வாசிப்பவர்கள் அப்போது இடது கையின் அடிச்சுரங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கார்டையும் சேர்த்தால் மெட்டு அமுங்கிவிடும்.