அண்ணன் வாங்கிய கம்ப்யூட்டர் பிழைத்துவிட்டது

ஒரு வாரமாக மனசே சரியில்லை. அண்ணன் கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர், பத்து வருஷத்துக்கு மேலாகிறது. கேம் தொடங்கி இருபது நிமிஷம் ஆனால் படம் திக்கித் திணறும், ஃபேன் இரையும், அப்புறம் பட்டென்று அணைந்துவிடும். வெப்பநிலை காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் 97 டிகிரி! அந்தச் சூட்டில் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் மெஷினே நின்றுவிடும்.

நாகர்கோவிலில் ஒரு கடையில், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். எங்கள் வீடு குளச்சலில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்றின் ஈரத்தில் தூசி உதிராமல், பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளித் துண்டு மாதிரி அப்பிக் கிடந்தது. பெயின்ட் பிரஷால் தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது. ஃபேன் சுழலாதபடி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் துடைத்தேன். ஹீட்சிங்க்கை எடுத்தால், அடியில் பிராசஸரின் சூட்டை அதற்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி பொடிந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தேன். நிறைய அப்ப வேண்டாம், பிராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் இருக்கிற நுண்ணிய இடைவெளி நிரம்பினால் போதும்.

அதே கேம், இரண்டு மணி நேரம். 74 டிகிரியைத் தாண்டவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, "என்ன மக்கா, இப்ப சத்தமே இல்ல?" என்றார். அண்ணனுக்குப் படம் அனுப்பிவிட்டேன்.