கோஹா இலவசம்தான், பழைய பட்டியல்தான் வேலை வாங்கும்

நூலகத்துக்குக் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளைப் போடலாமா என்று கேட்கும் கல்லூரி நூலகர்களிடம் போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நிர்வாகத்திடம் போய் "சார், இது இலவசம்" என்று மட்டும் சொல்லி அனுமதி வாங்காதீர்கள். அப்புறம் சர்வருக்கோ பேக்கப்புக்கோ தரவைத் திருத்த ஆள் போடவோ கேட்டால் ஒரு ரூபாய் பெயராது.

கோஹாவே காசு போட்டு உருவானதுதான். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை, கையில் இருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்பதால், 1999இல் கட்டிப்போ என்ற நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து எழுத வைத்தது. 2000 ஜனவரியில் அது ஓடத் தொடங்கியது, ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்தும் விட்டார்கள். புத்தக விவரங்களை எண்ணிட்ட புலங்களில் பதியும் மார்க் 21 தரநிலைக்கான வசதி பிறகு வந்தது, அதற்கு அமெரிக்காவின் ஓஹையோவில் உள்ள நெல்சன்வில் பொது நூலகம் செலவு செய்தது. அந்தக் காசில்தான் நாமும் இன்றைக்கு 245ஆம் புலத்தில் தலைப்பைத் தட்டச்சிடுகிறோம்.

நம் ஊர்ச் சிக்கல் வேறு. முன்பு பல நூலகங்களில் தமிழ்த் தலைப்புகளைப் பாமினி மாதிரி, ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்திருக்கிறார்கள். அதை எக்ஸெல்லில் எடுத்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். யூனிகோடுக்கு மாற்றக் கருவிகள் இருக்கின்றன, ஆனால் ஒரே கட்டத்தில் ஆங்கிலத் தலைப்பும் கலந்திருந்தால் அதையும் சேர்த்துத் தமிழாக்கிக் குதறிவிடும், யாராவது உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தே ஆக வேண்டும். (பழைய மென்பொருள்காரர் ஒருவர் எங்கள் தரவை எங்களுக்கே எடுத்துக் கொடுக்கத் தனிக் கட்டணம் கேட்டார், அது வேறு கதை.)

சரி, மாற்றி ஏற்றியாயிற்று. தலைப்பு திரையில் அழகாகத் தெரிகிறது, தேடினால் ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது. கோஹாவில் ஸீப்ரா என்ற தேடுபொறி இருந்தால் அதன் பழைய எழுத்து அட்டவணை தமிழுக்குப் போதாது. அமைப்புக் கோப்பில், யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியூ முறைக்கு மாற்றிவிட்டுத் தேடல் அட்டவணையை முழுதாக மறுபடி கட்ட வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் நிறுவித் தருகிறவர் ஆங்கிலப் புத்தகத்தை மட்டும் தேடிக் காட்டிவிட்டுக் கிளம்பினால் யாருக்கும் தெரியாது.

அதனால் முதலில் ஒரு நூறு தமிழ்ப் புத்தகங்களை மட்டும் ஏற்றச் சொல்லி, ஒரு மாணவரைக் கூப்பிட்டுத் தேடச் சொல்லுங்கள். அது சரியாக வரும்வரை மீதியை ஏற்ற விடாதீர்கள், நிறுவித் தருகிறவருக்குக் கடைசித் தவணையையும் கொடுக்காதீர்கள்.