தரையில் விரித்த வரைபடமும் பதினான்கு மீட்டர் நாடாவும்

மூன்றாம் வகுப்பில் சமூக அறிவியல் தொடங்கியதும் தமிழ்நாடு வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிடுகிறோம். பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்ளும் தவறு அங்கேதான் பிறக்கிறது. வடக்கு எங்கே என்று கேட்டால் கூரையைக் காட்டுவார்கள். வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரியுங்கள். அதன் வடக்கு, நிஜ வடக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

வேலூர் நகரத்துப் பள்ளி என்றால் திசைக்கு ஊர்ப்பெயர்களே போதும். வடக்குச் சுவரில் காட்பாடி, கிழக்கில் ஆற்காடு, மேற்கில் பள்ளிகொண்டா, தெற்கில் கணியம்பாடி என்று சாக்பீஸால் எழுதிவிடுங்கள். பஸ் போர்டில் பார்த்த பெயர்கள் என்பதால் மறக்காது.

குச்சி நட்டு நிழல் பார்க்கும் சோதனையை மட்டும் ஜூனில் செய்யாதீர்கள். நண்பகல் நிழல் வடக்கே விழும் என்றுதான் எல்லோரும் சொல்லித்தருவார்கள். நாம் இருப்பது ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ஜூன் கடைசியில் ஒரு மீட்டர் குச்சிக்குக் கிடைப்பதே 18 செ.மீ. நிழல்தான். செப்டம்பர் தாண்டிச் செய்யுங்கள். மணி சரியாக 12 ஆகும்போது நிழல் மிகக் குறுகியிருக்கும் என்றும் நம்ப வேண்டாம். நமக்கு அது சராசரியாகப் பன்னிரண்டேகால், மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்பின் ஆகும். 11.45 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். குச்சிக்கு மிக அருகில் உள்ள கல்லைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்து, மேலிருந்து பார்க்கும் பழக்கம். டிபன் பாக்ஸை முதலில் பக்கவாட்டில் பார்த்து வரையட்டும், பிறகு எழுந்து நின்று மேலிருந்து. இது வந்த பிறகு, ஒரு காலடிக்கு ஒரு கட்டம் என்று கட்டம் போட்ட நோட்டில் வகுப்பறையை வரையலாம். அளக்க ஒரே பிள்ளை நடக்கட்டும்; ஆளுக்கொரு காலடி என்றால் வகுப்பறை கோணலாகிவிடும்.

வரலாற்றில் நான் பெரிதும் நம்புவது நாடாவைத்தான். பருத்தி நாடா 15 மீட்டர், ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். எலாஸ்டிக் வேண்டாம், இழுத்தால் ஆண்டு நீண்டுவிடும். ஒரு முனையில் இன்றைய தேதி. எட்டு வயதுப் பிள்ளை பிறந்தது அதிலிருந்து 8 செ.மீ. தள்ளி, பாட்டி பிறந்தது 60, 65 செ.மீ. தள்ளி. வேலூர்ப் புரட்சி நடந்த 1806 இரண்டு மீட்டரைத் தாண்டி நிற்கும். விஜயநகரக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டைக்கு நாலு மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். முதலாம் மகேந்திரவர்மன் மகேந்திரவாடியில் குடைந்த கோயிலுக்கு ஏறத்தாழ 14 மீட்டர். நாடா கதவைத் தாண்டி வராண்டாவுக்குப் போய்விடும். அந்த நாடாவைப் பிடித்துக்கொண்டு வராண்டாவில் நிற்கும் பிள்ளைக்குப் பல்லவர் காலம் எவ்வளவு தூரம் என்று வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. நூற்றாண்டு என்ற சொல்லை மட்டும் ஐந்தாம் வகுப்புவரை தள்ளிப்போடுங்கள். 16ஆம் நூற்றாண்டு என்றால் 1600க்குப் பிறகு என்றே எண்ணிக்கொள்வார்கள்.

1806 ஜூலை 10 விடியலுக்கு முன் நடந்ததைச் சொல்லும்போது சாவுக் கணக்கு வேண்டாம். எட்டு வயதுக்குக் காரணம் புரியும்: நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, புதிய தலைப்பாகை கட்டு என்று சிப்பாய்களுக்கு உத்தரவு. இங்கே தரை வரைபடத்துக்கு வாருங்கள். புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயரின் குதிரைப்படை வந்தது எந்தப் பக்கமாக? ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கு பஸ் எவ்வளவு நேரம், குதிரை எவ்வளவு நேரம்? செய்தி முதலில் அங்கே போய்ச் சேர வேண்டுமே, அது எப்படிப் போயிருக்கும்? வரலாறும் புவியியலும் ஒரே பாடமாகும் இடம் இது. இதற்கு இரண்டு பீரியட் தாராளமாகக் கொடுங்கள்.

பள்ளியில் இருக்கும் மாவட்ட வரைபடம் 2019க்கு முந்தையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூருக்குள்ளேயே இருக்கும். தூக்கிப்போட வேண்டாம். மேலே டிரேசிங் பேப்பர் வைத்துப் புது எல்லையைச் சிவப்பில் வரைந்தால் ஆற்காடும் வாணியம்பாடியும் வெளியே போவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். தாத்தா இன்னும் வட ஆற்காடு என்று ஏன் சொல்கிறார் என்ற கேள்வி தானாக வரும். அப்போது நாடாவில் வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த 1989ஐயும் குறித்துவிடலாம்.